கலைந்த வீடு

இல்லம் என்பது விருந்தினர் கண்டு வியத்தற்கு வைத்த காட்சிச்சாலை அன்று. நெய்ச்சோற்றை அளைந்து மெய்யெல்லாம் பூசிக்கொள்ளும் மகவின்றிச் செல்வர்க்கும் வாழ்நாட் பயனில்லை என்று புறநானூற்று 188-ஆம் பாட்டில் உரைத்தவன் பாண்டியன் அறிவுடை நம்பி. அரண்மனையிலும் சோறு சிந்தாமல் இல்லை போலும்!

எம் நெய்வேலியோ ஒழுங்கிற்கென்றே பிறந்த ஊர். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் தொழிலாளர் பொருட்டு வட்டம் வட்டமாக வகுக்கப்பெற்றது. வீடு நிறுவனத்தினது, பணி ஓய்வு பெற்றார் அதனை ஒப்படைத்தல் வேண்டும். ஆதலின், "சுவரிற் கிறுக்காதே, இது நம் வீடன்று" என்னும் சொற்கேட்டு வளர்ந்தோர் எம்மிற் பலர். யானும் கேட்டேன், எனினும் சமையலறைக் கதவின் பின்புறம் சுரங்கத்து மண்வெட்டும் பெருஞ்சக்கரப் பொறியைக் கரித்துண்டால் வரைந்தேன். அன்னையார் சினந்தனர். தந்தையார், "மண்ணைக் கலைக்காமல் கரி எடுத்தார் உண்டோ?" என்று நகைத்து விடுத்தனர்.

இது சோம்பலுக்கு இடந்தரும் என்பாரும் உளர். அற்றன்று. எச்சில் நாறக் கிடத்தல் வேறு. பாதி தைத்த துணியும் பசை காயாத கிறிஸ்துமஸ் விண்மீனும் கூடத்திற் பரந்து கிடத்தல் வேறு. யான் அஞ்சுவது மற்றொன்று: கலைத்து மகிழ்வார் பலராகவும், அள்ளிப் பெருக்குவார் அன்னை ஒருவராகவும் இருத்தல். என் தந்தையார் நகைத்த அந்நாளிலும் தரையிற் சிந்திய கரியைத் துடைத்தவர் அன்னையாரே. கலைத்தவரே அள்ளுதல் முறை.

சென்ற ஆண்டு அவ்வீட்டை ஒப்படைத்தோம். கதவிற்குச் சாயம் பூசியவன் யானே.