கேட்டேனே, ஒருவரும் சொல்லவில்லையே

விசாரிக்காமல் வாங்கிவிட்டாய் என்று மட்டும் இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். விசாரித்தேன். எட்டு மாதம் விசாரித்தேன். சேவூரிலிருந்து ஆற்காடு வழியாகச் சென்னைக்கு ஐந்து முறை பஸ் ஏறிப் போனேன். ஒவ்வொரு முறையும் தறியை நிறுத்திவிட்டுத்தான் போனேன். தறி நின்றால் அன்றைய கூலி போனது போனதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் மகன் வயதுப் பிள்ளைகளையும் "சார்" என்று கூப்பிட்டேன். "சார், முதல் முறையா ஒரு ஹெரால்டு வாங்கப் போறேன். எதை எதைப் பாக்கணும், சொல்லுங்க சார்" என்று கேட்டேன்.

பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எனக்கு முகம் முகமாக நினைவிருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்தார்கள். என் ஊரைக் கேட்டார்கள். பட்டு நெசவு என்றதும் ஒருவர் சிரித்தார், அதையும் பொறுத்துக்கொண்டேன். கேட்க வந்தவன் பொறுத்துத்தான் போக வேண்டும்.

ஏன் ஹெரால்டு? நான் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்தில் ஆரணியில் ஒரு டாக்டரிடம் அந்த வண்டி இருந்தது. இரண்டே கதவு, பின்னால் வால் மாதிரி சின்னதாக எழும்பிய விளிம்பு. மெக்கானிக் வந்து அதன் முன்பக்கத்தைத் திறப்பதைப் பார்க்கவே பள்ளிக்கூடம் விட்டு ஓடுவோம். மற்றக் கார்களில் ஒரு மூடிதான் மேலே எழும்பும். இதில் மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் மூக்கு முழுவதும் முன்னால் சாயும். எஞ்சினும் சக்கரமும் ஸ்டியரிங் கம்பியும் வெளியே தெரியும். குழித்தறியில் உட்கார்ந்து பாவு, அச்சு, ஜக்கார்டு அட்டை என்று ஒவ்வொன்றும் எதை இழுக்கிறது என்று பார்த்து வளர்ந்த பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அன்று பிடித்த ஆசை அது. நாற்பது வருஷம் வைத்திருந்தேன்.

ட்ரையம்ப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வந்தது. உருவம் கொடுத்தவர் ஜியோவானி மிச்செலொட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி அதைச் செய்தது. 948 சிசி எஞ்சின், இருபத்தைந்து அடி இடத்தில் திரும்பிவிடும் முன்சக்கரம். சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நாட்களில் ஹெரால்டும் ஓடியது. அதே சேசிஸைக் குறுக்கித்தான் 1962-இல் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஸ்பிட்ஃபயரை நான் எந்தக் காலத்திலும் வாங்க முடியாது. ஆனால் அதன் அண்ணன் நம் வண்டலூர்ப் பக்கத்து ஃபேக்டரியில் பிறந்தவன். அவனை வாங்கலாம் என்றுதான் சீட்டுக் கட்டினேன். பதினோரு வருஷம் கட்டினேன்.

அந்தக் கம்பெனி இன்று இல்லை. ஹெரால்டுக்குப் பிறகு கெஜல் என்ற வண்டி வந்து 1977-இல் நின்றது. எண்பதுகளில் ஸ்டாண்டர்டு 2000 வந்தது, ஓடவில்லை, 1988-இல் தயாரிப்பே நின்றுபோனது. ஷோரூம் கிடையாது, சர்வீஸ் கிடையாது, கேள்வி கேட்கப் போக ஒரு கதவு கிடையாது. அந்த வண்டியைப் பற்றிய அறிவு எங்கே இருக்கிறது? வைத்திருப்பவர்கள் தலையில் மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த மரத்தடியைத் தவிர நான் வேறு எங்கே போயிருப்பேன், நீங்களே சொல்லுங்கள்.

எல்லோரும் "அண்ணே" என்று அழைக்கும் ஒருவர் அங்கே இருந்தார். தோளில் கை போட்டார். "நீ எதுக்குத் தம்பி அலையுற? என் கண்ணுல ஒரு வண்டி இருக்கு. ரெண்டு கதவு. கூரையைக் கழட்டி ஓப்பன் ஸ்போர்ட்ஸா பண்ணி வெச்சிருக்காங்க. நானே வந்து பாத்துத் தரேன்" என்றார். கூட்டிப் போனார். வண்டியைச் சுற்றி வந்தார். எஞ்சினைப் போட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். "சவுண்டைக் கேளு, கடிகாரம் மாதிரி. கண்ணை மூடிக்கிட்டு எடு" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று லட்சத்து எழுபதாயிரம். பார்த்துக் கொடுத்ததற்குக் காசு வேண்டாம் என்று அவர் மறுத்ததும் என் மனது கரைந்துபோனது. அடுத்த ஞாயிறு அவர் வீட்டம்மாவுக்கு ஒரு சேலை கொண்டு போய்க் கொடுத்தேன். விற்பனைக்கு நெய்ததல்ல அது. நானும் என் மனைவியும் பதினைந்து நாள் உட்கார்ந்து அவர்களுக்காகவே நெய்தது. அதை நினைக்கும்போதுதான் அடிவயிறு எரிகிறது. பணம்கூட அப்புறம்தான்.

வண்டி வாங்கிய இருபத்து மூன்றாம் நாள். எங்கள் தெருவிலிருந்து பெரிய ரோட்டுக்கு வண்டியைத் திருப்புகிறேன். நடக்கிற வேகம்தான். பக்கத்தில் என் மனைவி, மடியில் பேரன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். முன் சக்கரம் மடிந்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மூக்கு தரையில் இடித்தது. பேரனின் நெற்றி டேஷ்போர்டில் மோதியது. மூன்று தையல். அதற்கு முந்தின நாள்தான் ஆற்காடு ரோட்டில் அறுபதில் போய் வந்தேன். அங்கே நடந்திருந்தால், மேலே கூரையும் இல்லாத அந்த வண்டியில்... இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

வேலூரிலிருந்து ஒரு வயதான மெக்கானிக் வந்தார். உடைந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடியில் ஒரு வெண்கலத் துண்டு இருக்கிறது. மரை போட்டுத் திருகி உட்கார்வது. சக்கரம் திரும்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள்தான் திரும்பும். அதன் பெயர் ட்ரனியன். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரையின் ஆழத்துக்கு இறங்காது, தண்ணீர் இறங்கிவிடும். உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடித்து மெலிந்து, ஒருநாள் ஒடித்துத் திருப்பும்போது முறிந்துவிடும். "இது இந்த வண்டிக்கு ஜாதகத்துலயே எழுதினதுங்க. ஹெரால்டு வெச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும். உங்ககிட்ட யாருமே சொல்லலையா?" என்றார்.

யாருமே சொல்லவில்லை ஐயா.

அன்றைக்கே மற்றதும் வெளியே வந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சின்னச் சுத்தியலால் சேசிஸைத் தட்டினார். நல்ல இரும்பு மணி மாதிரி ஒலிக்க வேண்டும். பக்கவாட்டில் சொத்தென்றது, இரண்டாவது தட்டில் ஓட்டையே விழுந்தது. கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. தகடு போய் வெறும் பட்டி போட்டுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஹெரால்டுக்குக் கூரை தனித் துண்டு, கம்பெனியிலேயே போல்ட் வைத்து முடுக்கியது, கழற்றினால் வந்துவிடும். "கழட்டி எடுத்தோம்" என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். ஆனால் கேஸ் வெல்டிங்கால் அறுத்திருந்தார்கள். அறுத்த தழும்பு பட்டிக்கு அடியில் கறுப்பாக இருந்தது. கடைசியாக எஞ்சினில் வெட்டியிருந்த எண்ணைப் பென்சில் தேய்த்து எடுத்தோம். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது வேறு எண்.

காந்தம், சுத்தியல், பென்சில். அரை மணி நேரம். "தம்பி, போறப்போ ஒரு காந்தம் எடுத்துக்கிட்டுப் போ" என்ற ஒரு வார்த்தை! எட்டு மாதத்தில், ஐந்து பயணத்தில், பன்னிரண்டு வாய்களில் ஒன்றிலிருந்தும் அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

அவர்களில் ஒருவருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர் என்று நான் நினைத்திருந்தவர். வண்டியின் நிறத்தைச் சொன்னதுமே, "ஓ, அந்த வண்டியா? அது எங்களுக்குள்ளயே மூணு கை மாறினதாச்சே. அண்ணன்கூட ஒரு வருஷம் வெச்சிருந்தார். இப்ப வித்ததுல அவருக்கும் கொஞ்சம் கிடைச்சிருக்கும்" என்றார். சாதாரணமாகச் சொன்னார். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் சார் சொல்லல?"

"அவர் கூட்டிட்டுப் போறப்ப நாங்க எப்படிங்க குறுக்க பேசுறது?"

ஏமாற்றிய அந்த ஒருவரை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன். அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. மற்றப் பதினொரு பேருக்கு என்ன வேண்டியிருந்தது? ஒரு பைசா லாபம் இல்லாமல் என் பேரனை அந்த வண்டியில் ஏற்றிவிட்டு எப்படி நின்றீர்கள்? குறுக்கே பேசினால் அவர் முகம் கோணும். அவ்வளவுதானே? அந்த முகம் கோணாமல் இருக்க, முன்பின் தெரியாத ஒரு குடும்பம் ரோட்டில் விழலாம், இல்லையா?

வக்கீலிடம் போனேன். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை எடுத்து வைத்தார். பேச வேண்டிய கடமை ஒருவருக்கு இருந்தாலொழிய, வெறுமனே பேசாமல் இருப்பது மோசடி ஆகாது என்று அதன் 17-ஆம் பிரிவுக்கான விளக்கம் சொல்கிறதாம். பொய் சொன்னவர் மீது வழக்குப் போடலாம், ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லை. பேசாதவர்கள் மீது எதுவும் போட முடியாது. கடமை இருந்தது ஐயா, இருந்தது! கேட்டேனே! டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்துக் கேட்டேனே! கேள்வி கேட்டவுடன் கடமை வந்துவிடுகிறது என்று சட்டத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குமா தெரியாது?

எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்த தகப்பன் ஒருவர் வருவார். வேறு கடையில் வாங்கிய சேலையைப் பிரித்து வைப்பார். "அண்ணா, இது நல்ல ஜரிகையா பாத்துச் சொல்லுங்க" என்பார். எனக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. விற்றவர் எனக்குப் பாவு கொடுக்கும் முதலாளியாகக்கூட இருப்பார். இருந்தாலும் ஓரத்து ஜரிகையில் ஓர் இழையை நகத்தால் சுரண்டிக் காட்டுவேன். வெள்ளிக் கம்பிக்கு உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் நிம்மதியாகப் போங்கள் என்பேன். செம்பின் நிறம் தெரிந்தால் அதையும் அவர் கண்முன்னாலேயே சொல்வேன். ஊடையில் ஓர் இழையை உருவிக் கொளுத்தி, முடி கருகும் வாடை வருகிறதா என்று முகரச் சொல்வேன். அப்படிச் சொன்னதற்காக ஒரு வருஷம் எனக்குப் பாவு கிடைக்காமல் போனது உண்டு. என் அப்பாவுக்கும் நடந்தது. அதற்காக அவர் சொல்லாமல் இருந்ததில்லை. மூன்றாம் வகுப்பு படித்த மனிதர்.

வண்டியை ஒரு வழிக்குக் கொண்டுவரலாம் என்று பார்த்தால் அதற்கும் கதவு அடைபட்டிருக்கிறது. பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. எவ்வளவானாலும் கட்டத் தயார்தான், ஆனால் எஞ்சின் எண் ஒத்துவராத வண்டிக்கு யார் கையெழுத்துப் போடுவார்? வின்டேஜ் வண்டியாகப் பதியலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விதி அது. 20,000 ரூபாய் கட்டினால் 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் தருவார்கள். அந்த விதியையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். சேசிஸோ உடம்போ எஞ்சினோ பெரிதாக மாற்றப்படாமல் பழைய உருவத்திலேயே இருக்க வேண்டுமாம். என் வண்டியில் அந்த மூன்றில் எது மிச்சம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருப்பவர்களைவிட எங்கள் ஊர்க்காரர்கள்தான் அதிகம் காயப்படுத்தினார்கள். "நெசவு நெய்யறவனுக்கு எதுக்கு இந்தக் கார் ஆசை? வேணும் உனக்கு" என்றார்கள். ஏன், எனக்கு ஆசை இருக்கக் கூடாதா? நாற்பது வருஷம் பிறர் கல்யாணத்துக்கு அழகு நெய்து கொடுத்தவனுக்கு ஓர் அழகான பொருளைச் சொந்தமாக வைத்துக்கொள்ளத் தகுதி இல்லையா? கடன் வாங்கவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்து, பையனைப் படிக்கவைத்த பிறகு மிச்சம் பிடித்த காசு. என் ஆசையில் தப்பு இல்லை. தப்பு என்று நான் ஒருவரிடமும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

வண்டி இப்போது தறிக்கூடத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் நிற்கிறது. முன்பக்கம் இரண்டு கருங்கல் மேல் இருக்கிறது. பேரன் அதன் கிட்டே போவதில்லை. என் மனைவி அதன் மேல் பழைய பாவுத் துணியைப் போர்த்தி வைத்திருக்கிறாள்.

அந்த மரத்தடியில் நின்றவர்களே, உங்களிடம் பணம் கேட்கவில்லை. பன்னிரண்டாமவர் வர வேண்டாம், சேலையையும் அவர் வீட்டம்மாவே கட்டிக்கொள்ளட்டும், அந்த அம்மாள் என்ன செய்வாள். மற்றப் பதினொரு பேரில் ஒருவர், யாராவது ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி சேவூருக்கு வாருங்கள். நான் உங்கள் ஊருக்கு ஐந்து முறை வந்தேன், நீங்கள் ஒரு முறை வாருங்கள். அந்தத் துணியை விலக்கி, உடைந்த தண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, என் பேரனின் நெற்றியையும் பார்த்துவிட்டு, என்னிடம் சொல்லுங்கள். அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை?