அழுக்காறும் அளவுகோலும்

பொறாமைக்கு மருந்து கூறுவோர் பலர். அவருட் பெரும்பாலோர் தரும் மருந்து ஒன்றே: "மேலுள்ளவனை நோக்காதே, கீழுள்ளவனை நோக்கி ஆறுதல் கொள்" என்பது. தேவாலயப் பிரசங்கங்களிலும் இவ்வறிவுரை ஒலிப்பதுண்டு. இது மருந்தன்று, நோயின் மறுவடிவமே என்பது எமது துணிபு. மேல்நோக்கிப் புழுங்குபவனும் கீழ்நோக்கி ஆறுபவனும் ஏந்தி நிற்பது ஒரே அளவுகோலையன்றோ? பிறனுடைய குறைவிலே ஆறுதல் தேடுவது கிறிஸ்தவ நெறியாகுமா?

பிறர் நன்மையைத் தனக்கு நேர்ந்த இழிவாகக் கருதித் துயருறுதலே அழுக்காறு என விளக்குவார் 13ஆம் நூற்றாண்டின் இறையியலறிஞர் தோமஸ் அக்குவைனாஸ். இதன் உண்மையை 1 சாமுவேல் நூலின் 18ஆம் அதிகாரத்திற் காணலாம். தனக்கு ஆயிரமும் தாவீதுக்குப் பதினாயிரமும் கூறிப் பெண்கள் பாடக் கேட்ட சவுல் மன்னன் சினங்கொள்கின்றான். பின்னர் ஈட்டியையும் எறிகின்றான். அப்பாடலால் அவனது ஆயிரத்தில் ஒன்றேனும் குறைந்ததா? குறைந்ததாகக் காட்டியது அவன் உள்ளத்து அளவுகோலே.

அதே அதிகாரத்தில் அவன் மைந்தன் யோனத்தானும் வருகின்றான். தாவீதின் எழுச்சியால் உண்மையிலேயே இழக்கவிருந்தவன் அரசுரிமைக்குரிய அவனே. அவனோ தன் மேலங்கியையும் வாளையும் வில்லையும் கச்சையையும் களைந்து தாவீதுக்கு அளிக்கின்றான். தன்னிலும் தாழ்ந்தவனைத் தேடி அவன் ஆறுதல் பெறவில்லை. நண்பனைத் தன்னுயிராக நேசித்தான். அளவுகோலுக்கு அங்கு வேலையே இல்லை. ஓர் உறுப்புச் சிறப்புற்றால் உடல் முழுதும் மகிழும் எனப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதன் பொருளும் இதுவே.

"பொறாமை கொள்ளாதே என்பது வறியவன் வாயை அடைக்க வசதியுள்ளோர் வகுத்த உபாயம்" என்பர் சிலர். அவ்வாறு பயன்படுத்துவோர் உளர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் "எனக்குரியது எனக்கு வேண்டும்" என்பது நீதி. "அவனிடம் அது இருத்தலாகாது" என்பது அழுக்காறு. கூலி உயர்வு கேட்கும் தோட்டத் தொழிலாளியைப் பொறாமைக்காரன் என்பவன், கொடாது பிடித்த கூலி கூக்குரலிடுகின்றது என முழங்கும் யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கட்டும்.

பரீட்சை நெருங்குகையில் நூலகப் புத்தகத்தைப் பிறர் காணாவண்ணம் வேறொரு இறாக்கையில் மறைத்து வைக்கும் மாணவன் எந்த நீதியை நிலைநாட்டுகின்றான்? அவனுக்கு அப்புத்தகம் கிடைத்துவிட்டது. மற்றவனுக்குக் கிடைத்தலாகாது என்பதே அவனது கவலை. இத்தகையோர் எம்மிடையே இலர் எனத் துணிந்து கூற எவரால் இயலும்?

ஆதலின், கீழே நோக்குமாறு இனியும் எமக்குப் போதியாதீர். யோனத்தானிடத்தில் அன்பு கொடையாகவே வெளிப்பட்டது. எம்மை முந்தக்கூடிய தோழனிடமே எமது குறிப்புகளைக் கையளிப்போம். அழுக்காற்றை வெல்லும் வழி அங்குதான் தொடங்குகின்றது.