நிராகரிக்கப்பட்ட காற்று

ஞாயிற்றுத் தொகுதியின் எல்லை எது? கடைசிக் கோள் என்றே பலரும் எண்ணுவர்.

நம் பகுதியில் கச்சான் வீசி ஓய்கிறது. சூரியனிலிருந்து வீசும் துணிக்கைக் காற்றோ ஓய்வதில்லை என 1958இல் இயூஜின் பார்க்கர் எழுதினார். கட்டுரையைப் பரிசீலித்த அறிஞர் இருவரும் நிராகரித்தனர். அந்த ஆய்வுச் சஞ்சிகையின் ஆசிரியர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்து உவப்பானதல்ல. ஆயினும் கணக்கில் பிழை காணாததால் பிரசுரித்தார். 1962இல் மரினர் 2 விண்கலம் அக்காற்றை அளந்து உறுதிசெய்தது.

அக்காற்றின் ஆட்சி முடியுமிடமே இன்று ஓர் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. 2012 ஆகஸ்ட் 25இல், சுமார் 1,800 கோடி கிலோமீற்றர் தொலைவில், வொயேஜர் 1 அதைக் கடந்தது. காந்தப்புலத்தின் திசை எதிர்பார்த்தபடி மாறாததால், உண்மையில் கடந்ததா என்று சர்ச்சை எழுந்தது. வெளியே துணிக்கைகளின் அடர்த்தி கூடியிருந்ததை 2013இல் கண்ட பின்னரே பெரும்பாலோர் ஏற்றனர். சூரியனின் ஈர்ப்போ அதற்கும் வெகுதூரம் அப்பால் செல்கிறது. ஆகவே, அதுதான் முடிவான எல்லையா என்ற விவாதம் தொடர்கிறது.

அல்லாஹ்வின் படைப்பு அத்துணை விசாலமானது. அதை ஆராய்வோரிடம் கருத்து வேறுபாடு இயல்பே. பிடிக்காத கருத்தையும் ஆதாரம் கொண்டு நீதியாக நிறுப்பது அறிவுக்குரிய அமானிதம். வீட்டில் பிள்ளைகள் மாற்றுக் கருத்துச் சொல்லும்போதும் அதைப் பேணுவோமாக.