கிசான் பணம்: பயிரிடுபவருக்கா, பட்டாதாரருக்கா?

கொரோனா ஊரடங்கு காலத்தில், 2020 ஆகஸ்டில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பி.எம். கிசான் முறைகேடு வெளிச்சத்துக்கு வந்தது. நிலமே இல்லாதவர்களெல்லாம் விவசாயிகளாகப் பதிவு செய்யப்பட்டு, அவர்களது வங்கிக் கணக்குகளில் அரசுப் பணம் ஏறியிருந்தது. 13 மாவட்டங்களில் சுமார் 5.5 லட்சம் தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டதாகவும், 110 கோடி ரூபாய் முறைகேடாகப் போனதாகவும் அன்றைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். வழக்கை சிபிசிஐடி விசாரித்தது. ஊழியர்கள் 80 பேர் நீக்கப்பட்டார்கள்.

2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாகக் கிடைக்கிறது. விவசாயிகள் தாங்களே இணையத்தில் பதிவு செய்துகொள்ள வழி திறக்கப்பட்டபோது, அதிகாரிகளின் கடவுச்சொற்கள் இடைத்தரகர்கள் கைக்குப் போயின. நிலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய கட்டத்தையே தாண்டிவிட்டார்கள். பிறகு, பணம் பெற்ற ஏழைகளிடமே அது திரும்ப வசூலிக்கப்பட்டது.

இன்று வாசல் இறுக்கமாக மூடப்பட்டிருக்கிறது. ஆதார் இணைப்பு, இ-கேஒய்சி, விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் எனச் சரிபார்ப்புகள் கூடிவிட்டன. அது தேவைதான். ஆனால் இவை அனைத்தும் பார்ப்பது பட்டாவில் உள்ள பெயரை மட்டுமே. சேற்றில் இறங்குபவர் யார் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

வீராணம் ஏரிப் பாசனத்தில் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பகுதிகளில் குத்தகைக்குச் சம்பா நடுபவர்கள் ஏராளம். வெள்ளத்தில் பயிர் அழுகினால் நஷ்டம் அவர்களுக்கு. கிசான் தவணை நிலத்தின் சொந்தக்காரருக்கு. கோயில் நிலமோ வக்ஃபு நிலமோ என்றால் அந்தத் தவணை யாருக்குமே கிடையாது. ஏனெனில், நிறுவனங்களின் பெயரில் உள்ள நிலத்துக்கு இத்திட்டம் பொருந்தாது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 2019இல் ஆந்திர அரசு தொடங்கிய ரைத்து பரோசா திட்டம், தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருடன் சிறுபான்மையினரில் நிலமற்ற குத்தகை விவசாயிகளையும் சேர்த்துக்கொண்டது. ஒடிசாவின் காலியா திட்டத்திலும் நிலமற்ற விவசாயக் குடும்பங்களுக்கு இடம் இருந்தது. தமிழகத்தில் குத்தகைதாரருக்கும் உதவித்தொகை வேண்டும் என்ற கோரிக்கையை நமது சமுதாய அமைப்புகளும் விவசாயச் சங்கங்களோடு சேர்ந்து எழுப்ப வேண்டும்.

அரசிடம் கேட்பதற்கு முன் நம் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்றும் உண்டு. லால்பேட்டை, பரங்கிப்பேட்டை போன்ற நமது ஊர்களில் பாட்டனார் மவுத்தாகி ஆண்டுகள் கடந்தும் பட்டா அவர் பெயரிலேயே கிடக்கும் குடும்பங்கள் உண்டு. பாகம் பிரிக்காத நிலத்தில் உழைக்கும் மகனுக்குத் தவணை வராது. வளைகுடாவில் இருக்கும் மகன் பெயருக்குப் பட்டாவை மாற்றியிருந்தாலும் பயனில்லை. வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கு இத்திட்டத்தில் இடமில்லை. 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு கைமாறிய நிலத்தைச் சேர்க்காத விதிமுறை, மரணத்தால் வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. எனவே வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மார்க்கம் சொன்னபடி பெண்மக்களின் பங்கையும் கொடுத்து, பட்டாவை மாற்றிவிடுவது தீனுக்கும் நல்லது, துன்யாவுக்கும் நல்லது. பள்ளிவாசல் ஜமாஅத்துகள் ஒரு நாள் முகாம் நடத்தினாலே பல குடும்பங்களின் சிக்கல் தீரும்.

இன்னொன்று. தகுதியில்லாமல் வந்த 2,000 ரூபாய், உரிய ஒருவரின் பங்கு. பிறர் பொருளைத் தவறான வழியில் உண்ணாதீர்கள் என்று அல்பகரா 188ஆம் வசனம் தடுப்பது இதற்கும் பொருந்தும். "எல்லாரும்தான் வாங்குகிறார்கள்" என்று அழைக்கும் தரகரிடம் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுக்காதீர்கள். உரிமையுள்ளதைக் கேட்டுப் பெறுவோம், இல்லாததைத் தொடாதிருப்போம்.