வீட்டுக்குள் ஒரு பச்சைத் தவளை!

வீட்டுக்குள் தவளை வந்தால் துடைப்பத்தை எடுத்து விரட்டுவது நம் வழக்கம். ஆஸ்திரேலியாவிலோ அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, விளக்குப் போட்டு, தீனி கொடுத்து வளர்க்கிறவர்கள் உண்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதற்கு அரசாங்க உரிமம் வேறு வாங்கவேண்டும்!

பச்சை மரத்தவளை என்பது அதன் பெயர். உள்ளங்கை அளவு இருக்கும். சாதுவான பிராணி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும். குழந்தை அழுகிறதே என்று வாங்கிக் கொடுத்தால், அந்தக் குழந்தை கல்லூரிக்குப் போகும்போதும் தவளை வீட்டில் இருக்கும்.

மரம் ஏறும் பிராணி ஆகையால் பெட்டி உயரமாக இருக்கவேண்டும். உள்ளே கிளைகள், செடி, ஒளிந்துகொள்ள இடம், ஒரு தட்டில் தண்ணீர். பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் இளஞ்சூடு இருந்தால் போதும். தவளை தனக்கு வேண்டிய இடத்துக்குப் போய்க்கொள்ளும். இரை, உயிருள்ள பூச்சிகள்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின் மருந்து அந்தத் தோலுக்கு ஆகாது. அதை நீக்கிய பிறகே தட்டில் ஊற்றவேண்டும். சோப்பு ஒட்டிய கையால் தவளையைத் தொடவும் கூடாது.

தோலைத் தாக்கும் நோய்

அரசாங்கம் இதில் தலையிடுவதற்கும் அந்தத் தோல் ஒரு காரணம். கைட்ரிட் என்று ஒரு பூசணம். அது தவளையின் தோலில் பற்றினால் உடம்பின் உப்புச் சத்து குலைந்து இதயம் நின்றுவிடும். 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, இந்த நோயால் தவளை முதலிய 501 இனங்கள் குறைந்துபோயின. அவற்றில் 90 இனங்கள் அடியோடு அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. பூசணத்துக்குக் கால் உண்டா? கண்டம் விட்டுக் கண்டம் அதைக் கொண்டு சேர்த்ததில், தவளைகளை உயிரோடு ஏற்றி அனுப்பும் வியாபாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

2021 குளிர்காலத்தில் கிழக்கு ஆஸ்திரேலியாவில் திடீரென்று தவளைகள் செத்து விழுந்தன. இரவில் திரியும் தவளை, பட்டப்பகலில் நிறம் மங்கி, வற்றிப்போய் வாசற்படியில் கிடந்தது. சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய மியூசியம் பொதுமக்களிடம் தகவல் கேட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகவல்கள் குவிந்தன. அதிகம் அடிபட்டது பச்சை மரத்தவளைதான். சோதித்த உடல்கள் பலவற்றில் கைட்ரிட் இருந்தது.

வாழைப்பழப் பெட்டியில் பயணம்

குவீன்ஸ்லாந்திலிருந்து தெற்கே போகும் வாழைப்பழப் பெட்டிகளில் இந்தத் தவளைகள் ஒளிந்துகொண்டு போவது உண்டு. கடையில் பெட்டியைத் திறந்தவர் இரக்கப்பட்டு, பக்கத்துக் குட்டையில் விட்டுவிடுவார். அது பெரும் தவறு! ஒரு நோயாளித் தவளை போதும், அந்தக் குட்டை முழுவதற்கும் நோய் பரவ. ஆகையால் அதைத் தவளை மீட்புத் தொண்டர்களிடம் கொடுக்கவேண்டும். அவர்கள் தனியே வைத்துக் கவனித்து, பின்பு உரிமம் உள்ளவர்களிடம் ஒப்படைக்கிறார்கள்.

காட்டில் கண்ட தவளையைப் பிடித்து வந்து வளர்க்கவும் அங்கே அனுமதி இல்லை. தவளைக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் தவளைப் பெட்டியைக் கழுவிய தண்ணீரை மருந்து போடாமல் சாக்கடையில் ஊற்றினாலே போதும், பூசணம் ஓடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.