‘ஃபாசில்’ என்று திட்டுகிறவர்கள் திருவக்கரைக்கு ஒரு எட்டு போய் வரலாமே!

மனை வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு வருகிறது. “அது வாய்க்கா ஓடின எடம்ப்பா, தண்ணி நிக்கும்” என்கிறார் தாத்தா. “ஐயோ தாத்தா, நீங்க ஒரு ஃபாசில்” என்கிறான் பேரன். பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. ‘பெருசு’, ‘பழைய பஞ்சாங்கம்’, ‘பூமர்’ வரிசையில் இதுவும் சேர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் வயதானவர்களை இப்படிக் கேலி செய்வது 19-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. காலம் போனவர், இனி உபயோகமில்லை என்று அர்த்தம்.

ஆனால் அந்தச் சொல்லின் மூலத்தில் வயசும் இல்லை, கேலியும் இல்லை. லத்தீனில் ‘ஃபோடெரே’ என்றால் தோண்டுவது. அதிலிருந்து வந்த ‘ஃபோசிலிஸ்’ என்றால் தோண்டி எடுத்தது. அவ்வளவுதான். ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா 1546-இல் ‘ஃபாசில்’கள் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். அதில் பெரும்பகுதி கனிமங்களும் ரத்தினக் கற்களும்தான்! தொல்லுயிர்களின் எச்சத்துக்கு மட்டும் என்று அந்தச் சொல் சுருங்கியது பிறகு. கிழவர்கள் தலையில் விழுந்தது அதற்கும் பிறகு.

சரி, உபயோகமில்லை என்பதாவது உண்மையா? விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசிய கல்மரப் பூங்கா இருக்கிறது, 247 ஏக்கர். அங்கே கிடப்பவை சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதைந்த மரங்கள். வேர் இல்லை, கிளை இல்லை. அதனால்தான் எங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் செல்களுக்குள் புகுந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாக்கிவிட்டது. மரம் போனாலும் வரி அழியவில்லை. மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், இது ஆமணக்குக் குடும்பம், இது புளியமரத்துக்குச் சொந்தம் என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது. அந்தக் காலத்தில் ஆறு எப்படி ஓடியது என்பதற்கும் இவைதான் சாட்சி. வாய்க்கால் ஓடிய இடத்தைச் சொன்ன தாத்தா செய்ததும் கிட்டத்தட்ட இதே வேலைதானே?

பாடப் புத்தகத்தில் இதற்குப் ‘புதைபடிவம்’ என்று பெயர். லத்தீன்காரர் தோண்டியதைப் பார்த்தார், நாம் புதைந்ததைப் பார்த்தோம். எனக்கு என்னவோ இரண்டையும்விட ‘கல்மரம்’தான் பிடித்திருக்கிறது. கல்லையும் மரத்தையும் விடாமல் சொல்கிற பெயர் அது.

பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மனைக் கும்பிடப் போகிறவர்கள், அப்படியே பூங்காவையும் பார்த்துவிட்டு வரலாம். ஞாபகத்துக்கு என்று ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான்.