கோலத்தில் இருக்கும் கணக்கு

வாய்பாடு ஒப்பிக்காத பிள்ளைக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கவில்லை. சிலருக்கு எண் முதலில் பிடிபடும், சிலருக்கு வடிவம்.

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களின் செம்பனையைப் பாருங்கள். 9 மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் ஓர் எக்டருக்கு ஏறக்குறைய 123 மரங்கள். வழக்கப்படி முக்கோணமாக நட்டால் 143. ஏன்? நேர்ப்புள்ளிக் கோலத்தையும் ஊடுபுள்ளிக் கோலத்தையும் அருகருகே வரையச் சொல்லுங்கள். ஊடுபுள்ளியில் இரு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த புள்ளி இறங்க, வரிசைகள் நெருங்குவதைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

இடவுணர்வு பயிற்சியால் வளரும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. விடுமுறையில் ஊர் திரும்பி வகுப்பெடுக்கும் மாணவ நண்பர்களே, சூத்திரத்திற்கு முன் படத்தைக் கொடுங்கள். ‘மக்கு’ என்ற பட்டத்தால் ஒரு தோட்டத்துப் பிள்ளைகூடக் கணக்கைக் கைவிடக் கூடாது.